சாப்பிட்டுக்கொண்டே படிக்கத்தக்க ஒரு சாவு

சலவை மேடத்தின் மேசைக்கு அந்தப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்து சேர்ந்ததற்குக் காரணம், அதில் துணி துவைப்பதைப் பற்றி ஒரு வரி இருந்ததுதான்.

சலவை மேடம் என்பது அவளுடைய பெயரல்ல. அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பிரிவில் சேர்ந்த காலத்திலிருந்து, வாஷிங் மெஷின் கையேடுகளைத் தவிர வேறெதையும் அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. எந்தத் துணியை எந்தச் சூட்டில் போட வேண்டும், மூடி திறக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டு மொழிகளிலும் மனப்பாடம். பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருடம் ஒரே வேலையைச் செய்தவளுக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தெம்பு இருப்பதில்லை.

நீரில் நெடுநேரம் கிடந்த உடலின் கைகளில் தோல் வெளுத்துச் சுருங்கிப் போகும். இதைப் பிரெஞ்சு டாக்டர்கள் 'துணி துவைப்பவளின் கைகள்' என்று எழுதுவார்கள். கோப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் குமாஸ்தா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் துவைப்பது இருந்தது. மறுபக்கத்தில் நுரை இருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியம் அவருக்குத் தெரியவில்லை.

"இது உங்க சரக்குதான் மேடம்," என்று மேசையில் வைத்தார்.

அவள் முதல் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், இது செத்துப்போனவரைப் பத்தினது."

"இருக்கட்டும் மேடம். பிரிச்சுக் கொடுக்கும்போது ஆளு உயிரோட இருக்காரா இல்லையான்னெல்லாம் நாங்க பாக்கறதில்ல."

மருத்துவ மேசை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் உட்கார வேண்டியவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார், மருத்துவக் காரணங்களுக்காக.

அறிக்கைக்குச் சொந்தக்காரி வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, கையில் மடித்த கைக்குட்டை. அவளுடைய தம்பி கப்பலில் மெக்கானிக்காக இருந்தவன். எங்கோ ஒரு தூரதேசத் துறைமுகத்தில் செத்துப்போனான். உடலை மூடிய பெட்டியில் வைத்து, கூடவே இந்த அறிக்கையையும் வைத்து விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். பெட்டி இப்போது பெரிய ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தது. அதை விடுவிக்க வேண்டிய சுகாதார அலுவலகம் ஆங்கிலத்தில் முத்திரையோடு வந்தால்தான் வாங்கும். அக்காவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தம்பியைப் பற்றிய சேதி தனக்குத் தெரியாத ஒரு மொழியிலிருந்து தனக்குத் தெரியாத இன்னொரு மொழிக்குப் போய்ச் சேருவதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் பிடிக்கப் போன சலவை மேடத்தை அவள் எழுந்து நின்று மறித்தாள்.

"மேடம், நீங்கதான் எழுதறீங்களாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவனைத் தண்ணியிலேர்ந்துதான் எடுத்தாங்களாம். அவனுக்கு நீச்சல் தெரியாது மேடம். சின்னப் புள்ளையில தலைக்குத் தண்ணி ஊத்தினாலே மூச்சு முட்டுதுன்னு அலறுவான். நான்தான் ஊத்தி விடுவேன். ரொம்ப நேரம் தத்தளிச்சானா? அது மட்டும் அதுல இருக்கா?"

விண்ணப்பதாரரோடு மொழிபெயர்ப்பாளர் பேசக்கூடாது என்பது அலுவலகத்தின் உறுதிமொழி. வேலையில் சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பேசினால் சான்றிதழ் கெட்டுப்போகுமாம்.

"எல்லாம் எழுத்துல வந்துடும்மா. படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. எல்லாம் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக உள்ளே போனாள். அப்படித்தான் அவளும் நம்பினாள். பாவம்.

மருத்துவ அகராதி இயக்குநர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் இருந்தது. தடித்த புத்தகம், தங்க எழுத்து. விருந்தாளிகள் பார்த்துவிட்டுப் போவதற்காக வாங்கியது. பூட்டியிருந்ததால் அவளும் பார்த்துவிட்டு வந்தாள். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"நுரைக் காளான்னா என்ன?"

"அண்ணி, சாப்பிட உக்காந்திருக்கேன். இந்த நேரத்துலயா கேப்பீங்க?"

"அவசரம்டி."

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "மூழ்கிச் சாகறவங்க உள்ள தண்ணியும் காத்தும் சேர்ந்து அடிச்சு, வாய்லயும் மூக்குலயும் நுரை காளான் மாதிரி பூத்து நிக்கும். அது இருந்துச்சுன்னா தண்ணிக்குள்ள மூச்சு விட்டிருக்காங்கன்னு அர்த்தம். உங்க ஆளுக்கு இருந்துச்சா?"

அவள் அறிக்கையைப் பார்த்தாள். "இல்லைன்னு போட்டிருக்கு. நுரையீரல்ல தண்ணியும் இல்லையாம். மண்டையோட்டுல பல துண்டா உடைவு, மூளைத்தண்டு அறுந்திருக்கு. க்ரேன் கொக்கி தலையில அடிச்சிருக்கு."

"அப்போ அடி பட்ட அந்த நொடியே போயாச்சு அண்ணி. தண்ணியில விழுந்தது வெறும் உடம்புதான். வலிகூடத் தெரிஞ்சிருக்காது."

போனை வைத்த பிறகு சலவை மேடம் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். பெஞ்சில் இருந்தவள் கேட்ட கேள்விக்குப் பதில், கேட்பதற்கு முன்பே யாரோ ஒரு டாக்டர் எழுதி வைத்துவிட்டார். அதுவும் நல்ல பதில். இத்தனை வருட வேலையில் தன் மேசையில் இருந்த ஒரு காகிதம் இன்னொருவருக்கு இவ்வளவு தேவைப்பட்டதாக அவளுக்கு நினைவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதி முடித்தாள்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒருத்தர் செத்துட்டாருங்க."

"ஐயோ, யாரு?"

"யாருன்னு தெரியாது. ஆனா அவர் நுரையீரல் எவ்வளவு எடைன்னு தெரியும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்போது அவளுக்கு அது ஒரு சகுனமாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஏனென்றால் அந்த அலுவலகத்தில் எந்த மொழிபெயர்ப்பும் சாப்பாட்டுச் சோதனையில் தேறாமல் முத்திரை வாங்க முடியாது. வாஷிங் மெஷின் கையேடுகளுக்கு விலக்கு உண்டு, அதனால் அவளுக்கு இது புதிது. ஒரு காலத்தில் இயக்குநர் மதியச் சாப்பாட்டின்போது ஒரு விபத்து அறிக்கையைப் புரட்டப்போய், பாதியில் கை கழுவ நேர்ந்ததாம். அன்று பிறந்தது ஒரு சுற்றறிக்கை: 'இவ்வலுவலகத்திலிருந்து வெளியேறும் ஆவணங்கள் யாவும் சாப்பிட்டுக்கொண்டே படிக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும்.' அதை நிறைவேற்ற இதப்படுத்தும் பிரிவு என்று ஒன்று பிறந்தது. அதன் தலைவரை எல்லோரும் இதமானவர் என்று கூப்பிட்டார்கள். நல்ல மனிதர். ஈக்குக்கூட வலிக்காமல் விரட்டுவார்.

சோதனை உணவுக்கூடத்தில் நடந்தது. கணக்கர், வாகனப் பிரிவுக்காரர், டைப்பிஸ்ட் அம்மா மூவரும் தட்டோடு உட்கார்ந்தார்கள். இதமானவர் நின்றுகொண்டு உரக்கப் படித்தார். யாராவது ஸ்பூனைக் கீழே வைத்தால் அந்த வார்த்தையில் சிவப்புக் கோடு.

'பிரேதம்' என்றதுமே கணக்கர் ஸ்பூனை வைத்தார். 'மண்டையோடு' வந்தபோது டைப்பிஸ்ட் அம்மா வைத்தாள். வாகனப் பிரிவுக்காரர் மட்டும் கடைசிவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கம் முடிந்தபோது அவள் எழுதியதில் தேதி, துறைமுகத்தின் பெயர், 'மற்றும்' என்கிற சொல் இவை மட்டும் கோடு படாமல் நின்றன.

"நீங்க மனசு கஷ்டப்படக்கூடாது மேடம்," என்றார் இதமானவர், அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து. "உழைச்சிருக்கீங்க. ஆனா 'செத்தார்'ங்கிற வார்த்தை வேணாமே. வந்து உக்காந்திருக்கறவங்க மனசு என்ன பாடு படும்?"

"சார், அவங்களுக்கு அவர் செத்தது தெரியும் சார். அதனாலதான் வந்திருக்காங்க."

"தெரியும்ல? அப்போ நாம எதுக்கு மறுபடி சொல்லணும்?"

அவர் அடுத்த பக்கத்தை எடுத்தார்.

"அப்புறம் இதைப் பாருங்க. நுரை இல்ல. நுரையீரல்ல தண்ணி இல்ல. கத்திக் காயம் இல்ல. கயித்துத் தடம் இல்ல. இந்த டாக்டர் இல்லாததையெல்லாம் உக்காந்து எழுதியிருக்கார். இருக்கறதை மொழிபெயர்க்கவே நமக்கு ஆள் பத்தல, இல்லாததுக்கு எங்க போறது? என் வீட்டுல யானை இல்ல மேடம். அதை நான் எழுதியா வச்சிருக்கேன்?"

"சார், இந்த 'இல்ல'தான் சார் அவங்களுக்கு வேணும். அவர் தண்ணியில தவிக்கலன்னு இதுலதான் இருக்கு."

"அதேதான் நானும் சொல்றேன். 'இல்லை'ங்கிறது எதிர்மறைச் சொல். நம்ம சுற்றறிக்கையில எதிர்மறைக்கு இடமில்லை."

அவரே இரண்டு தடவை அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதை அவர் கவனிக்கவில்லை. சலவை மேடம் விடவில்லை. அப்படி விடாமல் இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. 'நுரையீரல் உலர்ந்திருந்தது' என்று எதிர்மறை இல்லாமல் எழுதிக்கொண்டு போய் மறுநாள் சோதனைக்குக் கொடுத்தாள். 'நுரையீரல்' வரைதான் போனது. டைப்பிஸ்ட் அம்மா ஸ்பூனை வைத்துவிட்டாள். அதற்கும் அடுத்த நாள் 'சுவாச உறுப்பு' என்று மாற்றிப் பார்த்தாள். கணக்கர், "உறுப்புன்னாலே எனக்கு ஆகாதுங்க," என்றார்.

கடைசியில் இதமானவரே தன் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த ஆங்கிலத்தின் சாரம் இதுதான்: 'மேற்படி நபரின் மேற்பகுதி ஒரு மாறுதலைச் சந்தித்தது. பின்னர் அவர் நீரில் கணிசமான நேரம் செலவிட்டார். கைகள் மிகச் சுத்தமாக இருந்தன. இறுதியில் முழு அமைதி எய்தினார்.'

சோதனையில் மூவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். கணக்கர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

முத்திரை குத்திய அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அக்கா சுகாதார அலுவலகத்துக்கு ஓடினாள். அதே சாயங்காலம் துணிப்பையோடு திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். சுகாதார அலுவலகத்தார் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள்: 'மேற்படி நபர் நலமாக இருப்பதாகத் தெரிகிறது. பெட்டியைப் பெற்றுக்கொள்ள அவர் நேரில் வரட்டும்.'

இப்படி ஒரு சிக்கல் வந்ததும் இயக்குநர் கூட்டம் கூட்டினார். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சலவை மேடத்துக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி கிடைத்தது.

"ஒண்ணு சொல்றேன், பெருமையாச் சொல்றேன்," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "நான் இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து இந்த அலுவலகத்துலேர்ந்து ஒரு சாவு வெளியே போனது கிடையாது. கப்பல் கவிழ்ந்திருக்கு, கட்டடம் இடிஞ்சிருக்கு. நம்ம கைக்கு வந்தப்புறம் ஒருத்தரும் சாகல. எந்த ஆஸ்பத்திரியாவது இப்படிச் சொல்லிக்க முடியுமா? படிக்கறவங்களுக்குப் புரியணும்னு சிலர் சொல்றாங்க. புரிஞ்சா என்ன ஆகும்? அழுவாங்க. நம்ம வேலை அழவைக்கறதா? என் அனுபவத்துல சொல்றேன், முழுசா ஒண்ணும் புரியாத ஒரு சான்றிதழுக்கு இருக்கிற மரியாதையே தனி."

எல்லோரும் தலையாட்டினார்கள். சுவரோரத்திலிருந்து சலவை மேடம் எழுந்தாள்.

"சார், அவரை எரிக்கவோ புதைக்கவோ கூட முடியாம ஐஸ்ல வச்சிருக்காங்க சார். அந்தம்மா தினமும் வந்து உக்காந்திருக்காங்க. செத்துட்டார்னு ஒரே ஒரு வார்த்தை போட்டாப் போதும்."

இயக்குநர் தன் முன்னால் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்தார். எடுக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா," என்றார் மற்றவர்களிடம், வருத்தமாக. "இதைத்தான் சொன்னேன்."

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு வழி கண்டுபிடித்தார்கள். சான்றிதழின் அடியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: 'மேற்படி நபர் நேரில் வருவதிலிருந்து நிரந்தர விடுப்பில் உள்ளார். விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது.' கீழே இயக்குநரின் கையெழுத்து. விடுப்பு என்றால் சுகாதார அலுவலகத்துக்கு நன்றாகப் புரியும். உடனே பெட்டியை விடுவிக்க உத்தரவு போட்டார்கள்.

ஒருவழியாக முடிந்தது என்று சலவை மேடம் மூச்சு விட்டாள். குவிந்து கிடந்த வாஷிங் மெஷின் கையேடுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். 'தொட்டியில் நீர் இல்லாதபோது இயக்க வேண்டாம்.' இங்கே 'இல்லை' எழுதலாம், யாரும் ஸ்பூனை வைக்க மாட்டார்கள். பேனா ஏனோ ஓடவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். உத்தரவு கையில் இருந்தது. வாங்கியவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், இங்கே வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. சலவை மேடம் வெளியே போனாள்.

"அந்த ஆபீஸ்ல ஒருத்தர் படிச்சு அர்த்தம் சொன்னாருக்கா," என்றாள். அவள் வாயில் 'மேடம்' போய் 'அக்கா' வந்திருந்தது. "தண்ணியில ரொம்ப நேரம் இருந்தானாம். அப்புறம் கடைசியிலதான் அடங்கினானாம். நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு. எவ்வளவு நேரம் கத்தினானோ. யாரைக் கூப்பிட்டானோ. என்னையத்தான் கூப்பிட்டிருப்பான். எனக்குப் படுத்தாத் தூக்கமே வராதுக்கா இனிமே."

பிரெஞ்சு டாக்டர் ஒருவர் கத்தியும் தராசும் வைத்துக்கொண்டு, அந்த மனிதன் தவிக்கவில்லை என்று தேடித் தேடி எழுதி வைத்திருந்தார். ஒரு அலுவலகம் முழுக்கச் சேர்ந்து, இதமாக இதமாக, அவனைத் தண்ணீருக்குள் போட்டு மூழ்கடித்துவிட்டது. அதில் சலவை மேடத்தின் கையும் இருந்தது. எல்லாம் எழுத்தில் வந்துவிடும் என்று சொன்னது அவள்தானே.

தாழ்வாரத்தின் கோடியில் இதமானவர் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். பிறகு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் காகிதத்தை விடுங்க. டாக்டர் எழுதினது எனக்குத் தெரியும், நான் படிச்சேன். க்ரேன் கொக்கி தலையில அடிச்சிருக்கு. மண்டை உடைஞ்சிடுச்சு. மூளைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற தண்டு அறுந்துடுச்சு. அந்த நொடியே உயிர் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் தண்ணியில விழுந்திருக்கார்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"தண்ணியில விழும்போது உயிர் இல்ல. வாயில நுரை இல்ல. நுரையீரல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணிக்குள்ள அவர் மூச்சே விடல. கத்தல, தவிக்கல. ஒண்ணுமே இல்லம்மா."

"மண்டை உடைஞ்சுடுச்சா," என்றாள் அக்கா.

"ஆமாம்மா. சுக்குநூறா."

"உடனேவா?"

"உடனே."

அக்கா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. அந்தத் தண்ணி இல்லைங்கிறதை மட்டும்."

இதமானவர் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். சலவை மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் உரக்கவே, ஒவ்வொரு 'இல்ல'வாக, மறுபடி சொன்னாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, உத்தரவைத் துணிப்பைக்குள் வைத்தாள்.

"நான் போய் அவனைக் கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழ்ப் படியில் யாருக்கோ போன் போட்டுப் பேசும் குரல் மேலே கேட்டது. "தண்ணி இல்லயாம். ஒரு சொட்டுகூட இல்லயாம்..."

தாழ்வாரத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். இதமானவர் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"நீங்க பண்ணினது பெரிய தப்பு மேடம்," என்றார். "விண்ணப்பதாரர்கிட்ட நேர்ல பேசியிருக்கீங்க. அதுவும் சான்றளிக்கப்படாத மொழியில. அதுவும் இத்தனை எதிர்மறை. நான் இதை மேல எழுதியே ஆகணும்."

"எழுதுங்க சார்," என்றாள் அவள். அலுப்பாக இருந்தது. உட்கார வேண்டும்போல் இருந்தது.

அவர் இரண்டடி நடந்தார். நின்றார். தாழ்வாரத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "நிஜமாவே ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லையா?"

"இல்ல சார்."

"நல்லவேளை," என்றார் இதமானவர். பிறகு அவளுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை எழுதுவதற்காகத் தன் அறைக்குள் போனார்.